பெரட்டுக் களத்திலிருந்து லண்டன் வரை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விடியற்காலைப் பெரட்டு மணியை மறக்க முடியாது. பனி விலகுமுன்னே, பால் வாளியும் காண்டாக் கம்புமாய் ஆணும் பெண்ணும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்பார்கள். தண்டல் பெயரைக் கூப்பிடுவார். கிராணி விளக்கு வெளிச்சத்தில் புத்தகத்தில் குறிப்பார். அந்த ஒரு குறிக்குத்தான் மாத முடிவில் சம்பளம்.

1960களில் ஜொகூரில் ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேலைக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும் அடுப்படிச் சுவரில் கரிக்கட்டையால் ஒரு கோடு இழுப்பார். ஒரு மாதம் சம்பளம் வாங்கியபோது இரண்டு நாள் குறைந்திருந்தது. சுவரில் 24 கோடு. கையில் 22 நாள் காசு. அம்மா கிராணியிடம் போய், "ஐயா, கொஞ்சம் பெரட்டுப் புத்தகத்தைப் பாருங்க" என்று கேட்டார். பார்த்தால், எங்கள் லயத்தில் மாரியாயி என்ற பெயரில் இருவர் இருந்தார்கள். தண்டலின் புத்தகத்திலிருந்து செக்ரோலுக்கு மாற்றி எழுதும்போது, அம்மாவின் இரண்டு நாள் மற்ற மாரியாயியின் வரிசையில் விழுந்திருந்தது. கிராணி நல்லவர். தவற்றைத் திருத்தி, அன்று முதல் மாரியாயி ஒன்று, மாரியாயி இரண்டு என்று எழுதத் தொடங்கினார்.

இச்சிறு நிகழ்ச்சியை ஏன் சொல்கிறேன்? செக்ரோலில் விழுந்த அந்தக் குறி சம்பளத்தோடு நின்றுவிடுவதில்லை. அது துரையின் மேசைக்குப் போகிறது. அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகிறது. ஒரு காலத்தில் கடல் கடந்து லண்டன் வரைக்கும் போனது. போன இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் அதைப் பார்த்து ஒரு முடிவு எடுத்தார். அந்த முடிவு திரும்பவும் நம் லயத்து வாசலுக்கே வந்து நின்றது. அந்தப் பயணத்தின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

நிர்வாகம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகக் கல்லூரிப் பேராசிரியர் ராபர்ட் ஆண்டனி 1965 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், எந்த நிறுவனத்திலும் முடிவுகள் மூன்று தளங்களில் எடுக்கப்படுகின்றன என்று வகுத்துக் காட்டினார். அன்றாட வேலையை நடத்துவது அடித்தளம். கொடுத்த ஆளையும் பணத்தையும் வைத்து நல்ல பலன் வருகிறதா என்று கண்காணிப்பது நடுத்தளம். எதிர்காலத்துக்கு எந்தத் திசையில் போவது என்று தீர்மானிப்பது மேல்தளம். மூன்று தளங்களுக்கும் தகவல் வேண்டும். ஆனால் ஒரே மாதிரியான தகவல் அல்ல. இந்நூல் வெளிவருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, ஜொகூர்த் தோட்டங்களில் இம்மூன்று தளங்களும் நடைமுறையில் இருந்தன.

ஜொகூரின் நிலத்தை முதலில் எண்ணிப் பாருங்கள். 1909 ஆம் ஆண்டு கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இரயில் பாதை முடிந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என்று அப்பாதை தொட்ட ஊர்களைச் சுற்றியெல்லாம் காடு விலகி ரப்பர் வந்தது. பெரிய தோட்டங்கள் பல பிரிட்டிஷ் கம்பெனிகளுக்குச் சொந்தம். பங்குதாரர்களும் இயக்குநர்களும் இங்கிலாந்தில்; மரங்களும் மக்களும் இங்கே. இடையில் ஆறாயிரம் மைலுக்கு மேல் தூரம். இந்தத் தூரத்தை இணைத்தவை ஏஜென்சி நிறுவனங்கள். 1821 இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி, 1844 இல் லிவர்பூலில் தொடங்கிய ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. மரத்தைக் காணாத முதலாளிக்கு மரத்தின் நிலையைச் சொல்லத் தாளும் எண்ணும் தவிர வேறு வழி இல்லை. அதனால்தான் தோட்டத்தில் அவ்வளவு புத்தகங்கள்!

இனி அடித்தளத்திற்கு வருவோம். பெரட்டில் தண்டல் ஆட்களை எண்ணுகிறார். இன்று ஐந்து பேர் வரவில்லை. அவர்களுடைய நிரைகளை யார் வெட்டுவது? மழை தூறுகிறது, வெட்டுக்கு அனுப்புவதா, காத்திருப்பதா? இவை அந்த நிமிடத்து முடிவுகள். இவற்றுக்கு வேண்டிய தகவலும் அந்த நிமிடத்தது. நேற்றைய கணக்கு உதவாது.

பகலில் பால் ஸ்டோரில் நிறுவை நடக்கிறது. ரப்பர் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி நீர். அதை அறிய ஒரு மாதிரியை எடுத்து, தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை இறக்கிப் பார்ப்பார்கள். அந்த அளவை வைத்தே தொட்டியில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அமிலம் சேர்ப்பது என்று முடிவாகும். வெட்டியவருடைய எடைக் காசும் அதை ஒட்டியே. உதாரணத்துக்கு, ஒருவர் 40 ராத்தல் பால் கொண்டுவருகிறார் என்போம். நூற்றுக்கு 30 என்று கருவி காட்டினால் 12 ராத்தல் காய்ந்த ரப்பர். 28 என்று எழுதினால் 11.2 ராத்தல்தான். ஒரு நாளைக்கு முக்கால் ராத்தல் சொச்சம் என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். இருபத்தைந்து நாளைக்குக் கூட்டினால் 20 ராத்தல்! நிறுவைத் தட்டைச் சுற்றி நம் மக்கள் கூட்டமாய் நின்று பார்த்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

நடுத்தளம் துரையினுடையது. இருநூறு பேரின் பெயரையும் அவர் ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. கிராணி மாத முடிவில் சுருக்கிக் கொடுக்கிறார்: இந்தப் பிளாக்கில் ஏக்கருக்கு எத்தனை ராத்தல், ஒரு வெட்டாளுக்குச் சராசரி எவ்வளவு, ஒரு ராத்தல் ரப்பருக்கு அடக்கச் செலவு எத்தனை காசு, பட்டை எவ்வளவு செலவாகியிருக்கிறது, எத்தனை பேர் நோயில் படுத்தார்கள் என்பவையே அந்தச் சுருக்கம். ஒரு பிளாக்கில் பால் குறைந்தால் துரை காரணம் தேடுகிறார். மரம் மூப்பா? வெட்டு ஆழமா? காய்ச்சல் பரவியதா? அதற்கேற்ப வெட்டு முறையை மாற்றுகிறார். ஆளைச் சேர்க்கிறார் அல்லது குறைக்கிறார். துரை எழுதியது சரிதானா என்று பார்க்க விசிட்டிங் ஏஜண்ட் என்ற மூத்த தோட்ட அதிகாரி அவ்வப்போது வருவார். கணக்கைப் பார்ப்பதோடு பட்டையைத் தடவிப் பார்த்து, வடிகாலைப் பார்த்து, தனியே ஓர் அறிக்கை எழுதுவார். ஒரே வாயிலிருந்து வரும் செய்தியை மட்டும் நம்பக் கூடாது என்பதை முதலாளிகள் அன்றே அறிந்திருந்தார்கள்.

மேல்தளத்தில் பல தோட்டங்களின் கணக்கு அருகருகே வைக்கப்பட்டது. அங்கே மாரியாயி இல்லை, தண்டல் இல்லை. தோட்டத்தின் பெயரும் சில எண்களும் மட்டுமே உண்டு. இவற்றோடு வெளியுலகத் தகவலும் சேர்ந்தது. சிங்கப்பூரில் 1911 ஆம் ஆண்டு ரப்பர் ஏலம் தொடங்கியது. அங்கும் லண்டனிலும் என்ன விலை என்று தந்தி பறந்தது. ரப்பர் கன்று நட்டால் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். ஆகவே எந்தத் தோட்டத்தில் மறுநடவு செய்வது, எதில் எண்ணெய்ப்பனைக்கு மாறுவது, எதை விற்றுவிடுவது என்பவை பத்து இருபது ஆண்டு முன்னே பார்த்து எடுக்க வேண்டிய முடிவுகள். கத்ரி நிறுவனம் 1920களிலேயே ஜொகூரில் எண்ணெய்ப்பனை நட்டது இத்தகைய ஒரு முடிவால்தான்.

நேயர்களே, புத்தகத்தில் எழுதிய எண்ணுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை வரலாறு நமக்குக் கடுமையாகவே காட்டியிருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்தது. ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் வந்தது. 1928 வரை நீடித்தது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் அடிப்படை விளைச்சலை வரையறுத்து, அதில் இத்தனை விழுக்காடுதான் தாராளமாக ஏற்றுமதி செய்யலாம் என்றார்கள். தொடக்கத்தில் 60 விழுக்காடு. அடிப்படை விளைச்சலுக்கு அளவுகோல், 1920 அக்டோபரோடு முடிந்த ஓராண்டு உற்பத்தி. பெரிய தோட்டங்களிடம் அந்த ஆண்டின் புத்தகங்கள் இருந்தன, எடுத்துக் காட்டினார்கள். மூவார், பத்து பஹாட் பக்கங்களில் இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருந்த சிறு தோட்டக்காரர்களிடம் என்ன புத்தகம் இருக்கும்? அன்றன்று வெட்டி, அன்றன்று கடையில் விற்றவர்கள் அவர்கள். மலாயா முழுவதும் சிறு தோட்டக்காரர்களுக்கு உண்மை விளைச்சலைவிடக் குறைவாகவே மதிப்புப் போடப்பட்டது. பின்னாளில் பொருளாதார அறிஞர் பி. டி. பவர் இவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை ஆராய்ந்து 1948 இல் நூலாக வெளியிட்டார். மரம் பால் கொடுத்தது உண்மை. ஆனால் எழுத்தில் இல்லாததால் கணக்கில் வரவில்லை.

அடுத்து வந்தது பெருமந்தம். 1925 இல் லண்டனில் ராத்தல் நான்கு ஷில்லிங்கைத் தாண்டிய ரப்பர், 1932 இல் இரண்டு பென்சுக்கும் கீழே இறங்கியது. மேல்தளம் தன் தாளைப் பார்த்தது. அடக்கச் செலவைக் குறை என்று கட்டளை வந்தது. நடுத்தளம் தன் தாளைப் பார்த்தது. அதில் பெரிய செலவு கூலி. 50 காசாக இருந்த ஆண்களின் நாட்கூலி 1930 இல் 40 காசாக இறங்கியது. பெண்களுக்கு 40 காசு 32 ஆயிற்று. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மேலே ஒரு எண் மாறியது; கீழே ஒரு குடும்பம் நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ மூட்டை கட்டியது. அந்தத் தாள்களில் ராத்தலுக்கு எத்தனை காசு என்ற பத்தி இருந்தது. திரும்பிப் போகிறவருக்கு ஊரில் வீடு இருக்கிறதா, இங்கே பிறந்த குழந்தைக்கு எது ஊர் என்ற பத்தி இருக்கவில்லை.

தோட்டக் கணக்கு ஒன்றே தகவல் என்றால் நம் நிலை இன்னும் மோசமாயிருக்கும். நல்ல வேளையாக, வேறு புத்தகங்களும் எழுதப்பட்டன. 1920களிலிருந்து இந்திய அரசின் ஏஜண்ட் ஒருவர் மலாயாவில் இருந்து, தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துக் கூலி, வீடு, நோய், பள்ளி ஆகியவற்றைப் பற்றி ஆண்டறிக்கை எழுதினார். அந்த அறிக்கை டில்லிக்குப் போனது. ஆட்களை அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவுக்கு உதவியது. 1954 இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானபின், சங்கமும் தன் பங்குக்குக் கணக்கோடு பேச்சு மேசைக்குப் போனது. ரப்பர் விலை ஏறும்போது கூலியும் ஏற வேண்டும் என்று கேட்க, விலைப்பட்டியல் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? முதலாளி தரப்பு எந்த எண்ணை வைத்துப் பேசியதோ, அதே எண்ணைத் தொழிலாளி தரப்பும் படிக்கத் தொடங்கியது பெரிய மாற்றம்.

1950களில் மற்றொரு சோதனை வந்தது. அயல்நாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். விற்பனை என்பது மேல்தளத்து முடிவு. அது முடிந்த பிறகே கீழே தெரிந்தது. பேராசிரியர் உங்கு அஜிஸ், 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை ஆராய்ந்து, தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாட்டையும் எண்களாகத் தொகுத்து அறிக்கை தந்தார். துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினார்கள். 1961 இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பெரட்டில் பெயர் கொடுத்து நின்றவர் பங்குதாரராகி, ஆண்டுக் கணக்கைக் கேட்கும் உரிமை பெற்றார். அடித்தளத்து மனிதர் மேல்தளத்துத் தாளைப் படிக்க வேண்டிய காலம் பிறந்தது.

தகவல் நல்ல முடிவுக்கு வழிவகுத்த கதையும் நம் ஜொகூரில் உண்டு. எண்ணெய்ப்பனையின் இளம் தோப்புகளில் காய் சரியாகப் பிடிப்பதில்லை. ஆகவே ஆட்கள் பூவுக்குப் பூ நடந்து கையால் மகரந்தம் தூவினார்கள். அதற்கு ஆகும் கூலி மாதந்தோறும் கணக்கில் விழுந்தது. யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன் முன்பு ஆப்பிரிக்காவின் கேமரூனில் வேலை பார்த்தவர். அங்கே யாரும் கையால் தூவாமலே காய் நிறைந்திருந்தது அவர் நினைவில் இருந்தது. பூச்சியியல் அறிஞர் டாக்டர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து, ஒரு சிறு வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். சோதனைகள் முடிந்து, 1981 பிப்ரவரி 21 ஆம் நாள் குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்தில் அவ்வண்டுகள் விடப்பட்டன. விரைவிலேயே தீபகற்பம் முழுவதும் பரவின, காய்ப்பிடிப்பு உயர்ந்தது. தோப்பில் கண்ணால் கண்டது, கணக்கில் எழுதியது, வேறு நாட்டில் அறிந்தது ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்ததால் பிறந்த முடிவு அது. ஒன்றையும் மறக்கலாகாது: கையால் மகரந்தம் தூவிய வேலை செக்ரோலிலிருந்து மறைந்தது. அவ்வேலையைச் செய்தவர்கள் வேறு வேலைக்குப் போக நேர்ந்தது.

இன்று காலம் வெகுவாக மாறிவிட்டது. 1966 ஆம் ஆண்டு தேசிய மின்சார வாரியத்தில் நாட்டின் முதல் கணினி வந்தது. சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் என்ற மூன்று பெரும் தோட்ட நிறுவனங்கள் 2007 இல் ஒன்றாயின. முடிவுகள் இப்போது லண்டனில் அல்ல, பெரும்பாலும் கோலாலம்பூரில் எடுக்கப்படுகின்றன. பல தோட்டங்களில் குலை எண்ணிக்கையைக் கையடக்கக் கருவியில் தட்டினால் அன்று மாலையே அலுவலகத்துக்குத் தெரிகிறது. நம் பிள்ளைகள் பலர் தோட்டத்தை விட்டு ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். அங்கும் அதே மூன்று தளங்கள்தான். வருகையைக் குறிக்கும் அட்டை அடித்தளம்; மேலாளர் பார்க்கும் மாதச் சுருக்கம் நடுத்தளம்; ஆலையை நடத்துவதா மூடுவதா என்பது மேல்தளம். கருவி எவ்வளவு விரைவானதாக இருந்தாலும், அடியில் தவறாகத் தட்டிய எண் உச்சி வரைக்கும் தவறாகவே போகும். முன்பு இரண்டு மாரியாயிகள் குழம்பியதுபோல, இன்று ஓர் அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் குழப்பம்தான்.

ஆகவே குடும்பத்தாருக்குச் சில வார்த்தைகள். 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முதலாளி சம்பளப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். உங்களுக்குச் சம்பள விவரமும் தர வேண்டும். அந்தச் சீட்டை வாங்கி அடுக்கி வையுங்கள். 1951 இல் தொடங்கிய சேமநிதியான ஈ.பி.எஃப். கணக்கில் மாதந்தோறும் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். 1971 முதல் நடக்கும் சொக்சோவில் உங்கள் பெயர் உண்டா என்று கேளுங்கள். விபத்து நேர்ந்த பிறகு கேட்டால், பெயர் இல்லாவிட்டால், அலைச்சல்தான் மிச்சம். பெயரின் எழுத்து அடையாள அட்டையில் எப்படியோ, எல்லாத் தாளிலும் அப்படியே இருக்கட்டும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், இவற்றை மாதம் ஒரு முறை பார்ப்பதை அந்தப் பிள்ளையின் பொறுப்பாக ஆக்குங்கள். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் முன்னோர் சொன்னார்கள். பிறர் அளந்து கொடுக்கும்போதும் நாமும் ஒருமுறை அளந்து பார்ப்பது யாரையும் சந்தேகிப்பது ஆகாது.

என் தாயார் இழுத்த கரிக்கோடுகளைத் தீபாவளிக்கு முன் வெள்ளையடிக்கும்போது அப்பா மறைத்துவிடுவார். அடுத்த வேலை நாளன்று மாலையில் அம்மா அதே இடத்தில் புதிதாக ஒரு கோடு போட்டுத் தொடங்குவார். கிராணி ஐயாவே பின்னாளில் சந்தேகம் வந்தால், "மாரியாயி, உன் சுவரில் எத்தனை?" என்று சிரித்தபடி கேட்பதுண்டு.